சுற்றுலா விசாவில் வருபவரை வேலைக்கு வைக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டை நானும் தம்பியும் 14 அறைகள் கொண்ட விடுதியாக நடத்துகிறோம். வேலையாட்கள் 26 பேர். வீடு ஆறு புள்ளிக்குப் பொது (புள்ளி என்றால் பங்காளிக் குடும்பம்). முகப்புச் சுவரில் உள்ள ஓவியங்களும் மாடியிலுள்ள வண்ணக் கண்ணாடிகளும் மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டுக்கொண்டே வருகின்றன. போன தை மாதம் விருந்தினராகத் தங்கிய இத்தாலியப் பெண் ஒருவர், பிளாரன்ஸில் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கப் படித்தவர், ஒரு வருடம் இருந்து சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். வயது 34. மாதம் ஒரு லட்சம், அறை, சாப்பாடு என்று பேசியிருக்கிறோம். மதுரை டிராவல்ஸ்காரர் ஒருவர், “சுற்றுலா விசாவில் வரட்டும், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்” என்கிறார். எங்கள் ஆடிட்டர் பிசினஸ் விசா போதும் என்கிறார். பினாங்கிலிருந்து நியோன்யா என்ற சீன, மலாய்க் கலப்புச் சமையல் தெரிந்த ஒருவரையும் அழைத்துவர ஆசை. அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியப்பச்சி (பெரியப்பா) மகனை மேனேஜராக வைக்கவும் எண்ணம். யார் யாருக்கு என்ன விசா? எங்கள் பக்கம் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?
கானாடுகாத்தான் வாசகி

பதில்:

ஆச்சி, டிராவல்ஸ்காரர் சொன்ன யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவை இந்தியாவுக்குள் இருந்துகொண்டே வேலை விசாவாக மாற்ற முடியாது. அந்தப் பெண் தன் நாட்டிலேயே, ரோமில் உள்ள நம் தூதரகம் வழியாகவோ மிலானில் உள்ள துணைத் தூதரகம் வழியாகவோ, வேலை விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். இப்போது வேறு நாட்டில் இருக்கிறார் என்றால், அங்கே நிரந்தரமாக இரண்டு வருடத்துக்கு மேல் வசித்திருந்தால் மட்டுமே அங்கிருந்து விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இத்தாலிக்குத் திரும்பிப் போய்த்தான் போட வேண்டும்.

“யாரும் கேட்கமாட்டார்கள்” என்ற காலமும் போய்விட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விசா நிபந்தனையை மீறி வேலை செய்தால் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை உண்டு என்று சட்டம் சொல்கிறது. சம்பளம் பேசி, சாரம் கட்டிக்கொடுத்து, வண்ணம் வாங்கிக்கொடுத்தவர் நீங்கள். உடந்தை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

விடுதி நடத்துகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று நாம் சொல்லிப் பழகிய தகவலை நீங்களே இணையத்தில் ஏற்றுகிறீர்கள். அதில் விசா வகை இருக்கும், வந்த தேதி இருக்கும். ‘சுற்றுலாப் பயணி’ ஒருவர் மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருக்கிறார், விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தூரிகையோடு சாரத்தின் மேல் நிற்கிறார் என்றால், உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே தேதி போட்டுச் சேர்த்து வைத்ததாக ஆகிவிடும்.

ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி. பிசினஸ் விசா என்பது வியாபாரம் பேச, பொருள் வாங்க விற்க, தொழில்நுட்பக் கூட்டத்தில் கலந்துகொள்ள வருகிறவர்களுக்கு. அந்தப் பெண் பத்து நாள் வந்து சுவர்களைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று உங்களோடு பேசி, வேலைத் திட்டத்தையும் தொகையையும் முடிவு செய்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அந்த விசா பொருந்தும். கையில் கரண்டியையோ தூரிகையையோ எடுத்த நிமிடத்தில் பொருந்தாது. “அவரை வேலையாள் என்று சொல்லாமல் ஆலோசகர் என்று எழுதிக்கொள்ளலாமே” என்று ஆடிட்டர் அடுத்துச் சொல்லக்கூடும். அந்த வாசலும் அடைத்ததுதான். இந்திய நிறுவனம் ஒன்று நிர்ணயித்த தொகை கொடுத்து ஒப்பந்தத்தில் அமர்த்தும் வெளிநாட்டு ஆலோசகர், மாதச் சம்பளமாக வாங்காவிட்டாலும், வேலை விசாவில்தான் வர வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது வேலை விசா. அதை வாங்குவதில் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள இந்தியர்கள் நிறையக் கிடைக்கும் வேலைக்கு இந்த விசா கிடையாது. சாதாரணமான, வழக்கமான வேலைகளுக்கும் குமாஸ்தா வேலைக்கும் கிடையாது. உயர்ந்த திறமையோ தொழில்முறைப் படிப்போ உள்ளவருக்குத்தான். அப்படியானால் தூதரகத்தில் விண்ணப்பத்தைப் பார்க்கிற அதிகாரி மனத்தில் எழும் கேள்வி, “செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்கச் செட்டிநாட்டில் ஆள் இல்லையா?” என்பதுதான்.

நியாயமான கேள்வி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைக்கும் பூச்சு வேலைக்கு இத்தாலியிலிருந்து ஆள் வேண்டாம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கவும், தேக்கு நிலை, கதவு செப்பனிடவும் அப்படித்தான். பொதுவான பழுதுபார்ப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். விழவும் வேண்டும் என்பேன். நம் ஊர்க் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய வேலையை அவருக்கே கொடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கான வேலை எது என்று பிரித்து எழுதுங்கள். உப்புப் பூத்து உதிரும் சுவரோவியத்தின் வண்ண அடுக்கைப் பெயர்ந்துவிடாமல் நிலைநிறுத்துவது, பின்னால் யாரோ மேலே பூசிய எனாமல் பெயின்டை அடியிலுள்ள ஓவியம் கெடாமல் நீக்குவது, ஈயச் சட்டத்தில் கோத்த வண்ணக் கண்ணாடியைக் கழற்றிச் சீர்செய்வது. இவை தனிப் படிப்பும் பல வருடப் பழக்கமும் கேட்பவை. அவர் படித்த சான்றிதழ், முன்பு வேலை செய்த இடங்களின் கடிதங்கள், செய்ததற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் வேண்டும். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எந்த மாதத்தில் எந்தக் கட்டு என்று ஒரு வேலைப் பட்டியலும் இணைக்க வேண்டும். உள்ளூரில் ஆள் தேடினீர்கள் என்பதற்குக் கொஞ்சம் தடயமும் இருக்கட்டும்: கொடுத்த விளம்பரம், இரண்டு மூன்று பழுதுபார்ப்பு நிபுணர்களிடம் கேட்டு வந்த பதில். நம் நாட்டிலும் இந்தத் துறையில் நல்ல நிபுணர்கள் உண்டு. அவர்களை ஒரு தடவைகூடக் கேட்காமல் ‘இந்தியாவில் யாருமில்லை’ என்று எழுதுவது பொய்யாகிவிடும். விண்ணப்பத்தில் பொய் என்பது தனி வழக்கு.

உங்கள் கொத்தனார் இரண்டு பேரை அவரோடு கூடவே நிறுத்திப் பழக்குவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். விசாவுக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் வெளியாள் ஏன் தேவை, எத்தனை நாள் தேவை என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் ரோமுக்குப் போன் போட வேண்டியிருக்காது என்பது உங்களுக்கு லாபம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் ஒரு வரி எழுதலாம். ஒரு வரி போதும். அதை வைத்து இரண்டு பக்கம் புகழ்பாடி நீட்டிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு அலுப்புத்தான் வரும்.

அடுத்தது சம்பளம். நீங்கள் பேசியது சரிப்பட்டு வராது. வேலை விசாவில் வருகிறவருக்கு வருடச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் மாதம் ஒரு லட்சம் வருடத்துக்கு 12 லட்சம்தான். அறை வாடகையைச் சேர்த்தால் எட்டிவிடாதா என்று கேட்பீர்கள். வருமான வரிக் கணக்கில் சம்பளத்தோடு சேரும் சலுகைகளை இந்த வரம்புக்கும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் ரொக்கம் எவ்வளவு, சலுகையின் மதிப்பு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக, ரூபாய்க் கணக்கில் காட்ட வேண்டும். அந்த மதிப்பும் வெள்ளைக்காரப் பயணியிடம் ஒரு இரவுக்கு நீங்கள் வாங்கும் வாடகையை 365 ஆல் பெருக்கி வருவதல்ல. வரி விதிப்படி, சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கில்தான் அறை மதிப்பு வரும். அதைச் சேர்த்தாலும் 12 லட்சம் 16.25ஐ எட்டாது. ஆகவே ரொக்கத்திலேயே வரம்பைத் தாண்டிவிடுங்கள். மாதம் 1,36,000 என்றால் வருடத்துக்கு 16,32,000. அறையையும் சாப்பாட்டையும் தனியாகக் காட்டுங்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் இந்த வரம்புத் தொகையைத் தூதரகத்தின் பக்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அரசு மாற்றக்கூடிய தொகை இது.

இந்தத் தொகைக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சிலர் காகிதத்தில் 16 லட்சம் காட்டிவிட்டுக் கையில் எட்டு லட்சம் கொடுப்பார்கள். காட்டிய சம்பளத்துக்கு வரியும் பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) கட்டவேண்டி வரும், வருடம் முடிந்து நீட்டிப்புக் கேட்கும்போது வங்கிக் கணக்கும் வரிப் படிவமும் கேட்பார்கள். அங்கே மாட்டிக்கொள்வது அந்தப் பெண் மட்டுமல்ல.

சரி, யார் பெயரில் வேலைக்கு எடுப்பது? உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்திய வரி ‘வீடு ஆறு புள்ளிக்குப் பொது’ என்பதுதான். வெளிநாட்டவரை வேலைக்கு அழைப்பது பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். ஆச்சி பெயரிலோ தம்பி பெயரிலோ தனி ஆளாகக் கடிதம் கொடுத்தால் செல்லாது. விடுதியைக் கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ பதிந்திருந்தால் அதன் பதிவுச் சான்று, பான், ஜிஎஸ்டி ஆவணங்களை எடுத்துவையுங்கள். ‘வாய்ப்பேச்சில் நடக்கிறது, ஜிஎஸ்டி மட்டும் தம்பி பெயரில்’ என்றால் முதலில் அதை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்புறம், அந்த நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் என்ன உறவு? பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து குத்தகை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அந்தக் குத்தகை, வேலை நடக்கும் காலம் முழுவதும் உயிரோடு இருக்குமா? சுவரோவியத்தில் கைவைக்கக் குத்தகைதாரருக்கு அனுமதி உண்டா?

முகப்பு பொது இடம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிற ஒரு புள்ளி, “எங்களைக் கேட்காமல் யார் சாரம் கட்டியது?” என்று கோர்ட்டில் தடை வாங்கிவிட்டால், விசாவோடு வந்த நிபுணர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். சம்பளம் மட்டும் ஓடும். விசாவுக்கு முன்னால் ஆறு புள்ளியிடமும் கையெழுத்து வாங்குங்கள். கோலாலம்பூரில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்தில் அத்தாட்சியோடு பவர் அனுப்பலாம். இந்தக் கையெழுத்து வேலைக்குத்தான் விசாவைவிட நாள் பிடிக்கும், சந்தேகமே வேண்டாம்.

ஒப்பந்தம் எழுதுவதில் நம் ஊருக்குப் பழக்கம் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசி, சீட்டு எழுதித்தான் ஏஜெண்டை அனுப்பினார்கள். இப்போதும் அந்தத் தெளிவுதான் வேண்டும். பதவி, வேலையின் எல்லை, காலம், சம்பளம், சலுகை மதிப்பு, வரி யார் பொறுப்பு, விடுமுறை, இரு பக்கமும் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு எல்லாம் இருக்கட்டும். விசா கிடைத்து அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் வேலை தொடங்கும், விசா மறுக்கப்பட்டால் யாருக்கும் யாரும் கடன்பட்டவர் இல்லை என்று ஒரு பிரிவு அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சுவரில் இந்த வேலை ஓடாது. மாசியில் வந்து சேருகிற மாதிரி பின்னோக்கி எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சாரத்தில் ஏறுகிறவர் என்பதால் விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் உங்கள் செலவில் எடுத்துவிடுங்கள்.

இரண்டு பழக்கங்களை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, பாதுகாப்புக்கு என்று சொல்லி அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டகத்தில் வைப்பது. நம் பிள்ளைகள் வளைகுடாவில் இதனால் பட்ட பாடு தெரிந்தும் இங்கே முதலாளிகள் அதையே செய்கிறார்கள். நகல் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, இரவல் கொடுப்பது. “ஆத்தங்குடியில் நம்ம வீட்டிலும் நாலு சுவர் இருக்கிறது, ஒரு மாதம் அனுப்பிவை” என்று உறவுக்காரர் கேட்பார். வேலை விசா உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. தாய் நிறுவனம், துணை நிறுவனம் மாதிரியான சில உறவுகளைத் தவிர வேறு முதலாளியிடம் வேலை செய்ய அதில் இடமில்லை. உறவு முறையெல்லாம் இதில் சேராது. முடியாது என்று சொல்லப் பயமாக இருந்தால் வக்கீல் விடவில்லை என்று என்மேல் போட்டுவிடுங்கள்.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்திறங்கிய 14 நாளுக்குள் அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்லாம் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணையதளம் வழியாகத்தான். நம் மாவட்டத்துக்கு வெளிநாட்டினர் பதிவு அலுவலர் சிவகங்கை காவல் கண்காணிப்பாளர். தங்குமிடம் மாறினாலும் பாஸ்போர்ட் புதுப்பித்தாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். வேலை ஒரு வருடத்துக்குள் முடியவில்லை என்றால் காலம் தீரும் முன்பே நீட்டிப்புக் கேட்கலாம். மொத்தத்தில் ஐந்து வருடம் வரை வழி உண்டு. அவர் பாதியில் விலகினாலும் உடனே தெரிவித்துவிடுங்கள். இங்கே இருக்கும் வரை அவருடைய நடத்தைக்கும், காலம் முடிந்ததும் அவர் நாடு திரும்புவதற்கும் அழைத்த நிறுவனம் பொறுப்பு. நீங்கள் கையெழுத்துப் போடும் உறுதிமொழியில் அதுதான் இருக்கிறது, படிக்காமல் போட்டுவிடாதீர்கள்.

பணக் கணக்கில் ஆடிட்டரும் நீங்களும் சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு பி.எஃப். உங்களிடம் 26 பேர் இருப்பதால் நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. நம் ஆட்களுக்கு உள்ள 15,000 ரூபாய் வரம்பு வெளிநாட்டு வேலையாளுக்குக் கிடையாது. 2008 அக்டோபர் முதல் இருக்கும் விதிப்படி, சேர்ந்த முதல் நாளிலிருந்து முழுச் சம்பளத்தின் மேல் 12 விழுக்காடு அவர் பங்கு, அதே அளவு உங்கள் பங்கு. 16,32,000க்கு உங்கள் பக்கம் மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 1,96,000 வரும். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்குள்ள நிறுவனம் அனுப்பிவைக்கும் ஆள் அதற்கான சான்றிதழோடு வந்தால் விலக்கு உண்டு. இத்தாலிக்கும் மலேசியாவுக்கும் அந்த வழி இல்லை. கட்டிய பணத்தை எடுப்பதும் சுலபமில்லை, பொதுவாக 58 வயதில்தான். அந்தப் பெண் இன்னும் 24 வருடம் காத்திருக்க வேண்டும். சம்பளம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முதல் மாதச் சீட்டில் 12 விழுக்காடு குறைந்திருப்பதைப் பார்த்து அவர் திகைத்துப்போகக் கூடாது.

“கர்நாடகாவில் இதை ரத்து செய்துவிட்டார்களாமே” என்று யாராவது சொல்வார்கள். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதே விதி செல்லும் என்று சொல்லியிருக்கிறது. இந்த இழுபறியை நம்பிக் கானாடுகாத்தானில் பணம் கட்டாமல் இருப்பது வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டுவதில்தான் முடியும்.

வருமான வரியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இங்கே செய்த வேலைக்கான சம்பளத்துக்கு இங்கே வரி, பணத்தை எந்த நாட்டு வங்கியில் போட்டாலும் சரி. பாதியை யூரோவில் அங்கேயே கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தால் ஒதுக்கிவிடுங்கள். அவருக்குப் பான் எடுத்து, மாதாமாதம் வரி பிடித்துக் கட்டுங்கள். வரியும் பி.எஃப்.பும் போக மீதியை அவர் தன் நாட்டுக்கு அனுப்பிக்கொள்ளத் தடையில்லை.

பினாங்குச் சமையற்காரர் விஷயம் இதைவிட லேசு. ஒரு நாட்டின் அல்லது சமூகத்தின் தனிச் சமையலைச் செய்ய வருகிறவர்களுக்கு அந்த 16.25 லட்ச வரம்பு பொருந்தாது என்று விதியே விலக்குக் கொடுத்திருக்கிறது. விசா வகை மட்டும் அதே வேலை விசா, விண்ணப்பம் மலேசியாவிலிருந்து. நியோன்யா சமையல் என்பது அங்குள்ள சீன, மலாய்க் கலப்புக் குடும்பங்களின் கைப்பக்குவம் என்பதால் ‘தனிச் சமையல்’ என்று காட்டுவது கஷ்டமில்லை. உங்கள் மெனு அட்டையில் லக்சாவும் மற்றவையும் உண்மையிலேயே இருக்க வேண்டும், அவர் முன்பு அதைச் சமைத்ததற்கு அனுபவச் சான்று வேண்டும். வந்தபின் அவரை வரமிளகாய்க் கோழிக்கும் பணியாரத்துக்கும் நிறுத்தினால் விலக்கின் அடிப்படையே போய்விடும். இன்னொரு விடுதிக்காரர் அங்கிருந்து ஒருவரை அழைத்துவந்து நம் ஊர்க் குழம்பையே வைக்கச் சொல்லப் பார்த்தார். அதற்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்துத் தெருவில் கிடைப்பாரே! வரம்பு இல்லை என்பதற்காகச் சம்பளத்தை மிகக் குறைத்துப் பேசவும் கூடாது. ஓட்டல் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம் அவருக்கும் உண்டு, பி.எஃப். கணக்கும் மேலே சொன்ன மாதிரிதான்.

வக்கீலிடம் எதற்குப் போவது, எதற்குப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசா வாங்கித் தருகிறேன் என்று எந்த வக்கீல் சொன்னாலும், எந்த ஏஜென்சி சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் கையில். எங்களால் செய்ய முடிவது ஒப்பந்தம் எழுதுவது, ஏன் இந்த ஆள் என்று விளக்கும் கடிதத்தைச் செப்பமாக்குவது, பங்காளிகளின் சம்மதப் பத்திரம், குத்தகை, வந்தபின் பதிவு வேலை, ஏதாவது நோட்டீஸ் வந்தால் பதில். இதில் எது எதற்கு எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். தூதரகக் கட்டணம் தனி, அதற்கு ரசீது உண்டு. நிபுணரிடமிருந்து ‘ஏற்பாட்டுக் கூலி’ என்று எதையும் வாங்க விடாதீர்கள். என் அலுவலக எண்ணை இங்கே போடாததற்குக் காரணம் கேட்டு வேறு சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அவ்வளவுதான். காரைக்குடியிலும் சிவகங்கையிலும் மதுரையிலும் தொழிலாளர் சட்டமும் கம்பெனிச் சட்டமும் பார்க்கிற யாரிடமும் போகலாம். வெளிநாட்டினர் பதிவு வேலை முன்பு செய்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பெரியப்பச்சி மகன். அவரிடம் மலேசிய பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கிறதா, ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு நம் அரசு கொடுக்கும் அட்டை) இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. அட்டை இருந்தால் வேலை விசாவும் வேண்டாம், சம்பள வரம்பும் இல்லை, பதிவும் வேண்டாம். நாளைக்கே வந்து மேனேஜர் நாற்காலியில் உட்காரலாம். ஆராய்ச்சி, பத்திரிகை, மதப்பிரசாரம் போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே ஓசிஐ உள்ளவர் தனி அனுமதி வாங்க வேண்டும். விடுதி மேனேஜர் வேலை அதில் வராது. பி.எஃப்.புக்கு மட்டும் அவரும் வெளிநாட்டு வேலையாள்தான், ஏனென்றால் அங்கே பார்ப்பது பாஸ்போர்ட்டை. அட்டை இல்லை என்றால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியக் குடிமகனாக இருந்ததற்கு ஆவணம் வேண்டும், பழைய பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றோ கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஏற்கெனவே அட்டை வைத்திருந்து, 50 வயது முடிந்தபின் புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அதன் நகலையும் புதிய படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஒரு தடவை ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது. டிக்கெட் போடும் முன் அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.